நட்சத்திரமும் உதிரும் கல்லும்

பாறையேற்ற வழிகாட்டிகளில் ஒவ்வொரு தடத்திற்கும் இரண்டு குறிகள் உண்டு. எவ்வளவு கடினம் என்பதை எண் சொல்லும். ஏறுவதற்கு எவ்வளவு இனிது என்பதை நட்சத்திரம் சொல்லும். எண்ணைக் குறித்து நண்பர்கள் நள்ளிரவு வரை வாதிடுவார்கள். நட்சத்திரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஞாயிறு காலையில் எந்தப் பாறையின் அடியில் கூட்டம் சேரும் என்பதைத் தீர்மானிப்பது நட்சத்திரமே.

பெங்களூரு நண்பர்கள் சிலர் ராமநகரத் தடங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். அழுக்கோ உதிரும் கல்லோ இருந்தால் ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பது என்பது அவர்களின் விதி. எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலாவதாக, அழுக்கும் உதிரலும் ஒன்றல்ல.

அழுக்கு பருவத்தைச் சார்ந்தது. மழைக்காலம் முடிந்ததும் பாறைமீது பாசி காய்ந்து, காலணிக்கடியில் மாவாக நொறுங்கும். விளிம்புகளில் புல் முளைத்திருக்கும். பத்திருபது பேர் ஏறினால் தடம் தானே துலங்கிவிடும். நட்சத்திரத்தைக் குறைத்தால் எவரும் வரமாட்டார்கள்; வராததால் அழுக்கு நிலைக்கும்; பிறகு 'அன்றே சொன்னோமே' என்பார்கள்.

உதிரல் பாறையின் இயல்பு. ராமநகரத்தின் கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது (நிலவியல் மாணவனான என் ஆய்வுப் பொருளும் அதுவே). மேற்சுமை அரிக்கப்பட்டு விலகிய பின் அது வெங்காயம்போலத் தோல் தோலாக உரிகிறது. பானையைத் தட்டி வாங்குவதுபோலப் பொருக்கையும் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடம் இருந்தால் ஓசை காட்டிக்கொடுக்கும்.

சென்ற மார்கழியில் அங்கே ஒரு தடத்தில் நண்பர் மேலே ஏற, நான் கீழே கயிறு பிடித்திருந்தேன். நான்காவது போல்ட் அருகே உள்ளங்கையளவுப் பொருக்கு பெயர்ந்து, எனக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து சிதறியது. உச்சியிலிருந்து அவர் மகிழ்ச்சியோடு கூவினார்: "மூன்று நட்சத்திரம்!" கீழே நின்றவனுக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை. இருவரும் ஒரே தடத்தைப் பற்றித்தான் பேசினோம். ஏறுபவரின் இன்பத்தை அளக்கும் குறியில், நிற்பவரின் ஆபத்தைக் கழித்துக் காட்டுவது எப்படி? இரண்டு நட்சத்திரம் என்றால், தூய்மையான, ஆனால் சலிப்பூட்டும் தடமா? அல்லது அற்புதமான, ஆனால் கீழே நிற்கும் தோழரின் மண்டையை உடைக்கக்கூடிய தடமா? கழித்தலில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அவ்வழியே ஆடு ஓட்டிச் செல்பவர் வழிகாட்டி படிப்பதுமில்லை.

உதிரலுக்கு நட்சத்திரத்தில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. முழுச் சுவரும் மக்கியிருந்தால் எந்தப் பிடியையும் நம்ப முடியாது. அங்கே இன்பமும் இல்லை, தாராளமாகக் குறைக்கலாம். பாதாமியின் மணற்கல் உலர்ந்திருக்கையில் உறுதியானது, நனைந்தால் வலுவிழக்கும். அங்கே தேவை காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி. சஹ்யாத்ரியின் எரிமலைப் பாறையில் இந்த விதியைப் பின்பற்றினால் கொங்கண் கடாவுக்கும் நட்சத்திரம் மிஞ்சாது. ஒவ்வொரு பிடியையும் சோதித்து ஏறுவதையே கலையாக வளர்த்தவர்கள் அங்குள்ளவர்கள்.

அந்த ராமநகரத் தடத்திற்கு மூன்று நட்சத்திரம் இட்டு, அருகே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: 'நான்காம் போல்ட்டின் இடப்புறப் பொருக்கைத் தொடாதீர், கயிறு பிடிப்பவர் தலைக்கவசத்துடன் வலப்புறம் ஒதுங்கி நிற்கவும்.' பக்கத்தில் இடமில்லை என்கிறார்கள்.