இல்லாத காகிதம்

போலீசு நடத்துற மாநாட்டுக்கு நான் போனேன் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆத்தா சிரிக்கவில்லை. "அவுக எடத்துக்கு நீயா போவியாய்யா?" என்று கேட்டாள். தோழர்கள் வசூல் பண்ணித் தந்த பணத்தில்தான் எட்டயபுரத்திலிருந்து கிளம்பினேன்.

2023 அக்டோபர், கொச்சி. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கூடும் 'கோக்கான்' மாநாடு. கேரளக் காவல்துறை ஓர் ஆய்வுச் சங்கத்தோடு சேர்ந்து நடத்துவது. முதலில் பயிலரங்கு, பிறகு மாநாடு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன சோலி?

சோலி இருந்தது. ஸ்டான் சுவாமி நம்ம திருச்சிப் பக்கத்து விரகாலூர்க்காரர். பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில் காவலிலேயே இறந்தார். அவர் கணினியை ஆராய்ந்த அமெரிக்க ஆர்சனல் நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது: 44 ஆவணங்கள் வெளியிலிருந்து களவாக வைக்கப்பட்டவை. 2019 ஜூன் 12-ல் போலீசு கணினியை எடுத்துப்போகிறது; முந்தின ராத்திரியே தடயத்தைத் துடைக்கும் வேலை நடந்திருக்கிறது! புலனாய்வு முகமை இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. நாக்பூர் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் கணினியிலும் இதே கதைதான். இந்தக் களவைப் பற்றி 2022 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் பிளாக் ஹாட் மாநாட்டில் ஆய்வாளர்கள் பேசினார்கள். நம்ம ஜெயில் கதை அம்புட்டுத் தூரம் போய்த்தான் அரங்கேறியிருக்கிறது.

பயிலரங்கில் பாதி விளங்கவில்லை. விளங்கியதைச் சொல்கிறேன். 'ஹாஷ்' என்று ஒரு கணக்கு. கணினித் தட்டில் உள்ளதையெல்லாம் அதில் போட்டால் 64 இலக்கத்தில் ஒரு கைரேகை வரும். ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். எடுத்துப்போகும்போதே அதை எழுதி வாங்கிவிட்டால், பிற்பாடு ஒரு காகிதம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஸ்டான் சுவாமிக்குப் போல முன்னாலேயே வைத்துவிட்டால் இது கைகொடுக்காது. தெரிந்தவர் பேரில் மெயில் வந்தாலும் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கோப்பைத் திறக்கணும். ரோனா வில்சனுக்கு வந்தது தெரிந்த தோழர் பேரில்தான்.

எங்கள் வட்டாரத்துக் கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீசு வீடு வீடாகப் புகுந்து சர்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் நாசம் பண்ணியதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அப்போ இருந்த காகிதத்தை அழித்தாக. இப்போ இல்லாத காகிதம் வந்து சேருது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் காலேஜ் படிக்கிற பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, அந்த 64-ஐக் கேட்டா எழுதிக் குடுப்பாகளா?" அடுத்த வாரம் வக்கீல் ஒருவரைக் கூட்டி வருகிறேன்.