பாலைவன நகரில் ஒரு வெள்ளோட்டம்

அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில், மொகாவிப் பாலைவனத்தின் நடுவே அமைந்துள்ளது லாஸ் வேகஸ் மாநகரம். இஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் புல்வெளிகள் என்று பொருள். ஊற்று நீர் பெருகிப் புல் தழைத்திருந்த இடம் அது. இன்றோ அவ்வூர் என்றதும் நினைவுக்கு வருவது சூதாட்டமே. 2012ஆம் ஆண்டு கோடையில் அண்ணன் மகனின் குடும்பத்தோடு நாங்கள் இருவரும் அங்குச் செல்லவிருப்பதை அறிந்து, "பூசைக்குத் தவறாத உங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று பங்கில் பலரும் கேலி செய்தனர்.

பூசையும் அங்கு உண்டு என்பதே முதல் வியப்பு. சூதாட்ட மாளிகைகள் வரிசையாக நிற்கும் அப்பெருஞ்சாலைக்கு அண்மையிலேயே காவல் தூதர் பேராலயம் நிற்கின்றது. பால் வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த இவ்வாலயம் 1963இல் எழுந்தது. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுள் ஒன்றில் அந்நகரத்து மாளிகைகளே தீட்டப்பட்டிருக்கக் கண்டோம். பயணிகள் காணிக்கையில் பணத்தோடு சூதாட்ட வில்லைகளையும் இடுவதுண்டு. ஆலயத்தார் அவற்றைப் பிரித்தெடுத்து உரிய மாளிகைகளில் பணமாக மாற்றிக்கொள்வர். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் எங்களைச் சுற்றியிருந்தோரில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற வழிப்போக்கரே.

மறுநாள் எம்.ஜி.எம். கிராண்ட் என்னும் விடுதியைக் காணச் சென்றோம். 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட அதனை விடுதி என்பதைவிடச் சிற்றூர் என்பதே பொருந்தும். முகப்பில் மாபெரும் வெண்கலச் சிங்கம். உள்ளே நீண்ட கடைவீதி. அவ்வீதியில் ஓர் இளம்பெண் எங்களை மறித்து, புதிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைப் பார்த்துக் கருத்துக் கூற இயலுமா என வினவினார். நாங்கள் தயங்கினோம். "இலவசம்தானே சித்தப்பா, வெளியே வெயில் கொளுத்துகிறது, போய் உட்காருவோம்" என்றான் அண்ணன் மகன்.

சி.பி.எஸ். என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 2001இல் அங்கு அமைத்த ஆய்வுக்கூடம் அது. படம் எடுப்போர் வாழும் லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்க, இப்பாலைவனத்துக்கு வருவானேன்? காரணம் எளிது. அந்நாளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடிப் பேர் லாஸ் வேகசுக்கு வந்தனர். உழவரும் ஆசிரியரும் ஓய்வு பெற்றோரும் எல்லா மாநிலங்களிலிருந்தும் வந்தனர். நாடெங்கும் சென்று தேடவேண்டிய மக்களை ஒரே தாழ்வாரத்தில் காணலாம் அன்றோ!

ஏறக்குறைய இருபது பேர் அமர்ந்தோம். கண்டதை வெளியிடோம் எனக் கையொப்பம் பெற்றுக்கொண்டனர். ஆதலின் நிகழ்ச்சியின் பெயரையோ கதையையோ நாங்கள் கூறப்போவதில்லை. ஒவ்வொருவர் கையிலும் சிறு குமிழ் ஒன்று தரப்பட்டது. பிடித்தால் வலப்புறம் திருப்ப வேண்டும்; பிடிக்காவிட்டால் இடப்புறம். இவ்வாறு நொடிக்கு நொடி எழும் விருப்பும் வெறுப்பும் வேறோர் அறையில் கோடாக வரையப்படுமாம்.

குடும்பக் கதை அது. நகைச்சுவை வந்தபோதெல்லாம் கூடம் சிரித்தது. கைகள் தாமாகவே வலப்புறம் சென்றன. இடையில் ஒரு காட்சி, அரை நிமிடம்கூட இராது. உணவு மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கின்றனர். முதிய தாய் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், யாரும் திரும்பவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். வசனமும் இல்லை, இசையும் இல்லை. கூடம் அமைதியாயிற்று. அக்காட்சி முடிந்த பின்னரே எங்கள் குமிழ்கள் இரண்டும் நடுவிலேயே நின்றிருந்ததைக் கவனித்தோம். அருகிலிருந்தோர் கைகளும் அசைந்ததாகத் தெரியவில்லை. விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை என்றல்லவோ கருவி எழுதிக்கொண்டிருக்கும்! கோடு தட்டையாக ஓடிய இடம் என்று கருதி நாளை யாரேனும் அத்தாயை வெட்டி எறியக்கூடும்.

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. இக்கருவிக்கு நெடிய வரலாறு உண்டு. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பால் லாசர்ஸ்ஃபெல்டும், பின்னர் 1946இல் சி.பி.எஸ். நிறுவனத்தின் தலைவரான ஃபிராங்க் ஸ்டான்டனும் 1930களின் பிற்பகுதியில் வானொலிக்காக இதன் முன்னோடியைச் செய்தனர். பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்பு. அம்முறையின் வழிவந்த சோதனைகள் பலமுறை பிழைபட்டதுண்டு. 'ஆல் இன் தி ஃபேமிலி' என்னும் தொடர் வெள்ளோட்டத்தில் தேறவில்லை. ஆயினும் 1971இல் ஒளிபரப்பாகி, பின்னர் தொடர்ந்து 5 பருவங்கள் நாட்டிலேயே முதலிடம் வகித்தது. 'சைன்ஃபெல்ட்' தொடரின் முதல் நிகழ்ச்சியும் 1989இல் நடந்த சோதனையில் நன்மதிப்புப் பெறவில்லை. பழகாத எதையும் முதற்பார்வையில் மனம் ஒதுக்கவே செய்யும். நம் வீட்டில் புதிய கறியைச் சமைத்து வைத்தால் பிள்ளைகள் செய்வதும் அதுவே.

நல்ல பயன் தந்த சோதனைகளும் இல்லாமலில்லை. குழந்தைகளுக்கான 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியை 1969ஆம் ஆண்டு ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் சிறுவர்க்குக் காட்டிப் பார்த்தனர். குழந்தை கண்ணை எடுக்கும் இடம் எது என ஆய்வாளர் குறித்துக்கொண்டனர். பொம்மைகள் வந்தால் பிள்ளைகள் பார்த்தனர்; தெருவில் பெரியவர்கள் மட்டும் பேசினால் பராக்குப் பார்த்தனர். கற்பனையையும் நடப்பையும் கலக்கலாகாது என்று அறிஞர்கள் கூறியிருந்ததையும் மீறி, தெருவிலேயே பொம்மைகளை உலவவிட்டனர். பெரிய மஞ்சள் பறவையும் குப்பைத்தொட்டியில் வாழும் ஆஸ்கரும் பிறந்தது அதனால்தான். அங்கே கருவி கேட்டது எளிய கேள்வி. விடையும் எளிதாகக் கிடைத்தது.

படம் முடிந்ததும் திரையில் வினாக்கள் தோன்றின. வயது என்ன, பிள்ளைகள் எத்தனை பேர், அடுத்த வாரமும் பார்ப்பீர்களா, எந்தப் பாத்திரம் பிடித்தது? அப்பட்டியலில் தாயின் பெயர் கடைசியில் இருந்தது. நாங்கள் இருவரும் கலந்து பேசாமலே அதைத் தொட்டோம். எல்லாவற்றுக்கும் கீழே, சொந்தக் கருத்துக்குச் சிறிது இடம் விடப்பட்டிருந்தது. மேசைக் காட்சியில் கை அசையாமல் இருந்தது சலிப்பினால் அன்று, கண்ணை எடுக்க மனமில்லாமையால் என்றும், அதனை நீக்கிவிட வேண்டாம் என்றும் எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினோம். "என்ன சித்தி, பரீட்சையா எழுதுகிறீர்கள்?" என்று அண்ணன் மகன் அவசரப்படுத்தினான். கூடத்தை விட்டுக் கடைசியில் எழுந்தவர்கள் நாங்களே.

வெளியே ஓகாயோ மாநிலத்திலிருந்து வந்திருந்த முதிய தம்பதியர் நின்றுகொண்டிருந்தனர். அம்மூதாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறு, "அந்தத் தட்டு... என் தாயும் அப்படித்தான் எழுந்து போவாள்" என்றார். அவ்வேளையில் குமிழைத் திருப்பினீர்களா என்று கேட்டோம். "குமிழா? கையில் இருந்ததையே மறந்துவிட்டேன்" என்றார். கருத்து எழுதும் இடத்தில் ஏதும் எழுதினாரா என்றதற்கு, அப்படியோர் இடம் இருந்ததையே தாம் கவனிக்கவில்லை என்றார். பின்னர் மெல்ல நடந்து சென்று, மீண்டும் உள்ளே போய் ஒரு வரி எழுதிவரலாமா என அவ்விளம்பெண்ணிடம் கேட்டார். அடுத்த அணி அமர்ந்தாயிற்று என்று அப்பெண் பணிவுடன் விடையளித்தார்.