மலைநாட்டில் ஒரு நடைப் பயணம்

வன்னியிற் பிறந்தோர்க்கு மலை என்பது பெரும்பாலும் புத்தகத்துப் பொருளே. மல்லாவியில் எமக்கு வாய்த்த மேடு வவுனிக்குளத்துக் கட்டு ஒன்றுதான். எனினும், வரும் மாசியில் குடும்பத்துடன் மலைநாட்டில் இரண்டு நாள் நடந்து வருவதென்று தீர்மானித்துள்ளோம்.

வழி சிக்கலானதன்று. மாங்குளத்திற் கண்டி வீதியைப் பிடித்தால் அது கண்டியிலேயே கொண்டுபோய் விடும். அங்கே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாகச் செல்கிறது 'பீக்கோ' நடைபாதை. முதற் பகுதி கலஹாவில் முடியும், அடுத்தது லூல்கந்துரவில். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. எமக்கு இவ்விரண்டும் போதும். மிகுதியை இளைஞர் நடக்கட்டும்! 2025 நவம்பர்ப் புயலில் மண் சரிந்த மலைகளாதலால், பாதையின் நிலையை விசாரித்த பின்னரே புறப்படுவோம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்தாயிற்று.

கோப்பிக் காலத்திலே தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே சென்றனர்; நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்கள் நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். 1977 கலவரத்தின் பின் மலையை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களும் உண்டு. அத்தகைய குடும்பத்துப் பாட்டி ஒருவர் எம் அயலில் இருக்கிறார். எமது திட்டத்தைக் கேட்டு, "மலையில வேடிக்கை பாக்கவா போறீங்க?" என்றார். யாம் விடையின்றி நின்றோம். சற்றுப் பொறுத்து, "கலஹா வரைக்கும் நான் பஸ்ஸில வாரேன், நீங்க நடந்து வந்து சேருங்க" என்றார்.

பயணச் செலவில் இன்னுமொருவரைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்.