வாட்ஸ் அப்புறம், முதல்ல ஓம்ஸ் பாருங்க

மக்களே, இன்னிக்கு மருந்து மாத்திரை இல்லாத த்ரெட். ஆனா காது வரும்.

நான் அரசு மருத்துவமனை டாக்டர், கிடார் பொழுதுபோக்கு. அதனால அம்பத்தூர், ஆவடி பக்கத்துத் தம்பிங்க கிட்ட இருந்து இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி: “சார், ஆம்ப்ல 8 ஓம்ஸ்னு போட்டிருக்கு. ரெண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் மாட்டினா 16 ஆயிடும்ல?”

மாட்டுற விதத்தைப் பொறுத்தது. சீரிஸ்ல 16. பேரலல்ல 4. ஆம்ப் பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் ஜாக் இருந்தா அது பெரும்பாலும் பேரலல்தான். ஸ்பீக்கர் கூடக் கூட ஓம்ஸ் குறையும்; மூணு 8 போட்டா சுமார் 2.7.

குறைஞ்சா என்ன? டிரான்சிஸ்டர் ஆம்ப் அதிக கரன்ட் தள்ள வேண்டியிருக்கும், சூடாகும். பாதுகாப்பு சர்க்யூட் இருந்தா பாட்டு நடுவுல கட் ஆகும், இல்லன்னா அவுட்புட் டிரான்சிஸ்டர் காலி. மே மாச பூந்தமல்லி வெயில்ல சொல்லவே வேணாம். ஓம்ஸ் அதிகமா இருந்தா பயமில்லை. சத்தம் கொஞ்சம் குறையும், அவ்ளோதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஸ்பீக்கர் வாங்கும்போது எல்லாரும் வாட்ஸ் மட்டும்தான் கேக்குறோம். ஓம்ஸும் கேளுங்க. மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தா 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6 கிட்டதான் காட்டும், ரிப்பேர் இல்லை. மீட்டர் காட்டுறது காயில் கம்பியோட டிசி தடை மட்டும்.

வால்வு ஆம்ப் வேற ரகம். வால்வுக்குப் பல ஆயிரம் ஓம்ஸ் லோடு வேணும், ஸ்பீக்கரோ வெறும் 8. ரெண்டையும் சேர்த்து வைக்கிறது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

உங்க காதுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. சத்தம் வர்றது காத்துல, உள்காதுல இருக்கிறது திரவம். நேரா மோதினா ஆயிரத்துல 999 பங்கு திரும்பிப் போயிடும். செவிப்பறையின் பரப்பு, கடைசி எலும்பின் அடித்தட்டைப் போல சுமார் 17 மடங்கு. மூணு குட்டி எலும்பும் நெம்புகோல் மாதிரி இன்னும் 1.3 மடங்கு கூட்டும். மொத்தம் சுமார் 22 மடங்கு அழுத்தம். செவிப்பறையில ஓட்டை விழுந்தா இந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் பழுது. கிளாஸ்ல “சொன்னது காதுல ஏறலையா”ன்னு திட்டு வாங்குற பிள்ளைங்க சிலருக்கு உண்மையிலேயே ஏறுறதில்லை. காதுல சீழ் வந்தா எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க, ப்ளீஸ். அரசு மருத்துவமனை ஈஎன்டி ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க. ஓட்டையை ஆபரேஷன்ல அடைக்க முடியும்.

சரி, ஆம்ப்புக்கு வருவோம். வால்வு ஆம்ப் பின்னாடி 4, 8, 16னு இருக்கும். ஸ்பீக்கருக்கு ஏத்த நம்பர்ல வைங்க. ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி வாசிக்கவே கூடாது. வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மரே எரியலாம், அது விலை அதிகமான பார்ட்.

ஆடி மாசம் கோயில் மைக் செட் ஆம்ப்பைப் பாருங்க. 4, 8, 16 ஓம்ஸோட 70 வோல்ட், 100 வோல்ட்னும் இருக்கும். தெருக்கோடி வரைக்கும் வயர் இழுத்தா வயர்லயே பவர் வீணாகாம இருக்க அந்த 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கருக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கணும். இல்லாம நேரா மாட்டினா யூனிட் போயிடும்.

இன்னொண்ணு: ஆம்ப் ஹெட்டுல இருந்து கேபினெட்டுக்கு கிடார் கேபிள் போடாதீங்க. ஜாக் ஒரே மாதிரி இருக்கும், உள்ள கம்பி ரொம்ப மெலிசு. ஸ்பீக்கர் கேபிள்னே கேட்டு வாங்குங்க.