போத்தலில் அடைத்த ஆறு

இம்முறை உங்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்கின்றோம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து வடமேற்கே வாகனத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சென்றால் நஷுவா ஆற்றை அடையலாம். மசசூசெட்ஸ் மாநிலத்தின் லங்காஸ்டர் என்னும் ஊரில் இரு கிளைகள் ஒன்றுசேர, அங்கிருந்து வடக்கு நோக்கி ஓடி, நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் மெரிமக் ஆற்றுடன் கலக்கின்றது இது. கூழாங்கற்கள் அடியில் தெரியும் ஆறு என்ற பொருளில் அப்பகுதியின் பூர்வீகக் குடிகள் இப்பெயரை வைத்தார்கள் என்பர்.

இன்று அதன் கரையில் நின்று பாருங்கள். இரு புறமும் மரங்கள். நிழல் விழுந்த நீரில் சிறு வள்ளங்களில் குடும்பம் குடும்பமாகத் துடுப்புப் போட்டுச் செல்கின்றார்கள். பழைய ரயில் பாதை இருந்த இடத்தில் சுமார் 12 மைல் நீளத்துக்குப் பாதை அமைத்திருக்கின்றார்கள். தாய்மார் பிள்ளைகளுடன் அதில் நடக்கின்றார்கள், சைக்கிள் ஓட்டுகின்றார்கள்.

ஆனால் 1960களின் தொடக்கத்தில் இந்தக் கரைக்கு வந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். மேற்புறத்திலுள்ள ஃபிட்ச்பர்க் நகரின் கடதாசி ஆலைகள் சாயக் கழிவை அப்படியே ஆற்றில் விட்டன. ஊர்களின் மலக்கழிவும் அதிலேயே சேர்ந்தது. சிவப்புக் கடதாசி செய்யும் நாளில் ஆறு சிவப்பு. பச்சைக் கடதாசி செய்யும் நாளில் பச்சை. மீன் வாழ முடியாத நீராகிவிட்டது.

இதை யாரும் அறியாமல் இருந்தார்களா? இல்லை. ஆலைகள்தாம் அவ்வூர்களுக்குச் சோறு போட்டன. ‘ஆற்றைப் பார்த்தால் அடுப்பு எரியுமா?’ என்ற எண்ணம் வாயைக் கட்டிவிடும் அல்லவா?

1962ஆம் ஆண்டு, கணவருடனும் மூன்று பிள்ளைகளுடனும் குரோட்டன் என்ற ஊரில் குடியேறினார் மரியன் ஸ்டொடார்ட். அவர் ஓர் இல்லத்தரசி. பதவியோ பணபலமோ அவருக்கு இருக்கவில்லை. இந்த ஆற்றைச் சுத்தமாக்கிக் காட்டுவது என்று அவர் உறுதி பூண்டார். அயலவரைச் சேர்த்தார். ஊர்ச் சபைகளின் கதவைத் தட்டினார். ஆலை அதிபர்களையும் பகைவராக நினைத்து ஒதுக்காமல், பேச்சில் சேர்த்துக்கொண்டார். ஆற்று நீரைப் போத்தலில் அள்ளி மாநில ஆளுநரின் கையிலேயே கொடுத்தார். பக்கம் பக்கமாக எழுதிய மனுவைவிட அந்த அழுக்குத் தண்ணீர் அதிகம் பேசியது.

1966இல் மசசூசெட்ஸ் மாநிலம் தூயநீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. 1969இல் நஷுவா நீரேந்துப் பிரதேசச் சங்கம் உருவானது. 1972இல் நாடு முழுவதற்குமான தூயநீர்ச் சட்டமும் வந்தது. அரச பணத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் தெளிந்தது, மீன்கள் திரும்பின.

சங்கத்தார் அத்தோடு நிற்கவில்லை. கரையோர நிலத்தைக் கட்டடங்களுக்கு விடாமல் துண்டு துண்டாகப் பாதுகாத்துப் பசுமைப் பட்டி ஒன்றை உருவாக்க முயன்றார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கரை மரங்களின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மழைநீரோடு வரும் அழுக்கை வடிக்கின்றன. நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கின்றது. அதே மரநிழல்தான் மக்களை ஆற்றங்கரைக்கு அழைத்தும் வருகின்றது. கரையில் உலாவி மகிழ்ந்தவர், அங்கே குப்பை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

1974இல் ஆற்றோரத்தில் ‘ஒக்ஸ்போ’ வனவிலங்குப் புகலிடம் நிறுவப்பட்டது. அங்கே அரிய இன ஆமைகள் வாழ்கின்றன. 1987இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் ஸ்டொடார்ட் அம்மையாரைக் கௌரவித்தது. 2019இல் நஷுவாவின் பெரும்பகுதியும் அதன் இரு துணையாறுகளும், நாட்டின் பாதுகாக்கப்பட்ட எழில்மிகு ஆறுகளின் பட்டியலில் இடம்பெற்றன.

வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆலைக் குழாயை அடைக்கலாம்; மழையை அடைக்க முடியுமா? தெருவில் சிந்திய எண்ணெய், முற்றத்துப் புல்லுக்குப் போட்ட உரம், நாய்க்கழிவு யாவும் மழையோடு ஆற்றில்தான் சேர்கின்றன. இன்று ஆற்றின் பகை தூரத்து ஆலையில் மட்டும் இல்லை, நம்மைப்போன்ற வீடுகளின் வாசலிலும் இருக்கின்றது. நமது குளங்களில் சல்வீனியா படர்வதுபோல அங்கும் வேற்று நாட்டு நீர்ச்செடி ஒன்று படர்ந்து நீரை மூடுகின்றது. தொண்டர்கள் வள்ளங்களில் சென்று அதைக் கையால் பிடுங்கி எடுக்கின்றார்கள். விதை உதிர்ந்தால் மறுபடி முளைக்கும் என்பதால் ஆண்டுதோறும் இந்தப் பாடு.

வேறு சில தொண்டர்கள், மாதம் ஒருமுறை அதிகாலையில் எழுந்து, தமக்குக் குறித்த இடங்களில் ஆற்று நீரைச் சிறு போத்தல்களில் எடுக்கின்றார்கள். அதில் கிருமி உண்டா, மீன்கள் சுவாசிக்கப் போதிய ஒட்சிசன் கரைந்திருக்கின்றதா எனச் சோதிக்கப்படுகின்றது. முடிவு நன்றாக இருந்தால் பிள்ளைகள் நீரில் இறங்கலாம்.

அன்று ஆளுநரிடம் போன போத்தலில் சாயம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ஆய்வுகூடத்துக்குப் போகும் போத்தலில் நீர் தெளிவாகவே தெரிகின்றது. தெளிவாகத் தெரிகின்றதே என்று அவர்கள் விட்டுவிடுவதில்லை. அடுத்த மாதமும் போத்தலோடு வருகின்றார்கள்.