கல்லறை இல்லாதவர்களின் திருநாள்

அக்டோபர் 31, 2025

நவம்பர் பிறக்கப் போகிறது என்றால் எங்கள் கடற்கரை ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் முதலில் உயிர் வரும். இன்று காலையிலேயே புல் செதுக்குகிறார்கள், மழையில் பாசி பிடித்த கல்லறைகளைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஒரு பையன் சிலுவையில் அழிந்துபோன எழுத்துகளைக் கறுப்புப் பெயின்ட் தொட்டு எழுதிக்கொண்டிருந்தான். தாத்தா பிறந்த ஆண்டு தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு இலக்கமாக இழுத்தான்.

செத்த உடம்புக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் விசுவாசத்தில் உடம்பு கழற்றி எறிகிற சட்டை அல்ல. ஆன்மா பிழைத்தால் போதும் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் விசுவாசப் பிரமாணத்தை முடித்தபோது, இறந்தோரின் உயிர்ப்பையும் வரப்போகும் உலகின் வாழ்வையும்தான் கடைசி வரியாக வைத்தது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று அதைத்தான் சொல்கிறோம். உடலை எரிக்க 1963-இல் ரோம் அனுமதி தந்தது. ஆனால் சாம்பலைக் காற்றிலும் நீரிலும் தூவ வேண்டாம், புனித இடத்தில் வையுங்கள் என்று 2016-இல் மறுபடியும் வலியுறுத்தியது. காரணம் இந்தக் கடைசி வரிதான்.

நவம்பர் 1

சகல புனிதர் பெருவிழா. பூசையில் மலைப்பொழிவின் பேறுகளை வாசித்தார்கள். துயருறுவோர் பேறுபெற்றோர் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை எத்தனை முறை கேட்டாலும் மனம் அங்கே நின்றுவிடுகிறது.

துட்டி வீடுகளில் நம் ஆட்கள் சொல்வதும் நினைவுக்கு வந்தது. “அழாதே பிள்ளே, அவங்க மோட்சத்துல இருக்காங்க.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை. பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியபோது, எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டார். துயரத்துக்கே அவர் தடை போடவில்லை. இன்னும் சில நிமிடத்தில் இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு பெத்தானியாவில் கண்ணீர் விட்டார்.

அகுஸ்தீனாருக்கும் இது பாடமாகத்தான் வந்தது. 387-இல் ரோம் அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் அவருடைய தாய் மோனிக்கா இறந்தார். தாயின் கண்களை மூடியவர் தம் கண்ணீரை அடக்கிக்கொண்டார். வாய்விட்டு அழுத அவருடைய மகனையும் அங்கிருந்தவர்கள் அமர்த்தினார்கள். அடக்கம் முடியும் வரை அவர் அழவில்லை. குளித்தும் பார்த்தார், பாரம் இறங்கவில்லை. பிறகு தனிமையில் கடவுளின் முன்னால் அழுது தீர்த்ததை ‘ஒப்புதல்கள்’ நூலில் எழுதியிருக்கிறார். மோனிக்காவோ, என் உடலை எங்கே புதைத்தாலும் சரி, அதற்காக வருத்திக்கொள்ளாதீர்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். சொந்த ஊரில், கணவரின் பக்கத்தில் அடங்க வேண்டும் என்று முன்பு ஆசைப்பட்டவர் அவர். உலகம் முடிகையில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று கடவுளுக்குத் தெரியாமல் போகாது என்றும் சொன்னாராம்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கிளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தம் மடங்களில் தொடங்கிவைத்த நாள் இது. முதல் உலகப்போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த 1915-இல், இந்த நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அனுமதி தந்தார்.

மாலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்து வந்தார். செவ்வந்தி, ஊதுவத்தி, மெழுகுதிரி. நடுவில் உள்ள பெரிய குருசடியில் மட்டும் ஒரு கூட்டம் தனியாக நின்றது. அவர்களுக்கு மந்திரிக்கக் கல்லறை இல்லை.

ஒகிப் புயலில் கணவரைப் பறிகொடுத்த அக்காவும் அங்கே நின்றார். 2017 நவம்பர் 29 இரவு, ஆழ்கடலில் இருந்த எங்கள் படகுகளுக்குப் புயல் வருவது தெரியாது. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. காணாமல் போனவரை இறந்தவர் என்று சட்டம் ஏற்க வழக்கமாக ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். அதைத் தளர்த்தித்தான் இழப்பீடு தந்தார்கள். அக்கா கையில் சான்றிதழ் இருக்கிறது, அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை.

குருசடியின் படியில் மூன்று மெழுகுதிரிகளை நெருக்கி வைத்து, காற்றுக்கு அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டே கேட்டார்: “மண்ணுக்குள்ள இருக்கவங்க எழும்புவாங்கன்னு சாமி சொல்லுகாரு. எங்க ஆளு மண்ணுக்குள்ள இல்லியே பிள்ளே. அவரு எங்கேருந்து எழும்புவாரு?”

திருவெளிப்பாட்டின் 20-ஆம் அதிகாரத்தைச் சொன்னேன். கடைசி நாளில் கடல் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார், கடலின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார் அக்கா என்றேன். “கடலுன்னே போட்டிருக்கா?” என்று இரண்டு முறை கேட்டார். அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். போன் வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன்.

நவம்பர் 3

இரவெல்லாம் அடுத்த அதிகாரமே மனதில் ஓடியது. புதிய விண்ணகமும் புதிய மண்ணகமும் வரும்போது கடல் இராது என்கிறது அது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நூலில் விலங்கு ஏறி வருவது கடலிலிருந்து. மனிதரை விழுங்குகிற எல்லாவற்றுக்கும் யோவானிடம் அதுவே பெயர். சுனாமியில் போனவர்களை ஒன்றாய் அடக்கிய குளச்சலுக்கும் மணக்குடிக்கும் அந்தக் கடலைத் தெரியும். அது இனி இராது என்பதுதான் வாக்கு.

அதே அதிகாரத்தில் நாம் மேலே பறந்து போவதாக இல்லை. கடவுளின் நகரம் கீழே இறங்கி வருகிறது. அவர் மனிதரோடு குடியிருக்கிறார், கண்ணீரைத் துடைக்கிறார். உயிர்த்த ஆண்டவரும் ஆவியாய் மிதக்கவில்லை. விடியலில் கரையில் கரி மூட்டி மீன் சுட்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆணிக் காயங்கள் அவர் உடலில் அப்படியே இருந்தன. தோமா அவற்றைக் கண்டார். இங்கே பட்ட பாடு எதுவும் அங்கே இல்லாததாகிவிடாது என்று நான் நம்புவது இந்தக் காயங்களை வைத்துத்தான்.

நவம்பர் 4

மோட்சத்தைக் காட்டி ஏழையை வாய் மூட வைக்கிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. அப்படி நடந்த இடங்களும் உண்டு. ஆனால் ஒகிக்குப் பிறகு, 2017 டிசம்பரில், எங்கள் கடற்கரை மக்கள்தான் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். குருக்களும் கூட உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு உடலும் கடவுளுக்கு வேண்டியது என்று நம்புகிறவர், அது கணக்கில் வராமல் போவதைப் பொறுக்க மாட்டார். கொரிந்தியருக்கு உயிர்ப்பைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதிய பவுலும், ஆகவே உங்கள் உழைப்பு வீணாகாது, உறுதியாய் நில்லுங்கள் என்றுதான் அந்த அதிகாரத்தை முடிக்கிறார்.

இந்த நவம்பர் முழுவதும் இறந்தோருக்கான மாதம். உங்கள் ஊரில் கல்லறை இல்லாதவர்களின் வீடு ஒன்றாவது இருக்கும். அங்கே போங்கள். அழாதே என்று சொல்லாதீர்கள், கூட இருந்து அழுங்கள். போனவரின் பெயரைக் கேட்டு எழுதி, உங்கள் வீட்டுப் பெயர்களோடு சேர்த்துப் பூசைக்குக் கொடுங்கள்.