தன்னைத் தின்னக் கொடுக்கும் கம்பி

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. எங்கள் குளியலறைச் சுவரில் துரு நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. மேலே தொங்கிய 15 லிட்டர் ஹீட்டரின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. போன் செய்து வரவழைத்த சர்வீஸ்காரர் மூடியைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டேங்க் போச்சு சார், புதுசுதான் வாங்கணும்" என்றார். வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஏன் போனது என்று கேட்டேன். "உப்புத் தண்ணி" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் தெரு முழுக்க அதே போர் தண்ணீர்தான். எதிர்வீட்டு ஹீட்டர் பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. இதைச் சொல்லிக் குறைபட்டபோது அந்த வீட்டு நண்பர், மேடவாக்கத்தில் கடை வைத்திருக்கும் தன் மெக்கானிக்கிடம் என்னை அழைத்துப் போனார். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. இரண்டு நாள் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று சுற்றினேன்.

முதல் வீடு வேளச்சேரியில். தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மா. "லைட்டு சீக்கிரம் அணைஞ்சிடுது தம்பி, தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு. ரெண்டு வாட்டி போட வேண்டியிருக்கு." 2000 வாட் காயில் 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 18 நிமிடம் பிடிக்கும். இங்கே ஆறு நிமிடத்திலேயே விளக்கு அணைந்தது.

மெக்கானிக் முதலில் எம்.சி.பி.யை இறக்கினார். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்ய அவர் ஒப்புவதில்லை. அடுத்து தண்ணீர் வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டார். கூட வந்த பையன் கீழே பக்கெட்டைப் பிடிக்க, டேங்க் காலியானது. மல்டிமீட்டர் வைத்து அவர் செய்த சோதனைகள் எனக்குப் பிடிபடவில்லை, அதை விட்டுவிடுகிறேன். அடி மூடியைக் கழற்றி, வட்டத் தகட்டின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தகடு இறங்கியபோது மிச்சத் தண்ணீரோடு வெள்ளையும் பழுப்புமாகச் சில்லுகள் கொட்டின, முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோல. பையன் அள்ளியது இரண்டு கை நிறைய இருந்தது.

இந்தச் சில்லு வேறொன்றுமில்லை, சுண்ணாம்பு. தரையடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறி வெளியே படிகிறது. உப்போ சர்க்கரையோ சூட்டில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு நேர்மாறு, சூட்டில் கரைவது குறையும். ஆகவே டேங்கிலேயே அதிகச் சூடான இடமான காயிலின் மேல்தான் அது முதலில் ஒட்டுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை. நம் புறநகர்களில் குளிக்கும் நீரை யார் அளந்து பார்க்கிறார்கள்?

பாட்டியம்மா வீட்டில் சுண்ணாம்பு, காயிலையும் பக்கத்திலிருந்த தெர்மோஸ்டாட் குழலையும் சேர்த்து ஒரே கட்டியாக்கியிருந்தது. காயிலின் சூடு நேரே தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. தண்ணீர் காய்ந்துவிட்டதென்று எண்ணி அது கரண்டை நிறுத்திவிடுகிறது. சுண்ணாம்பு படிந்தால் காயில் கரண்டை அதிகம் இழுக்கும் என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. 2000 வாட் காயில் இழுப்பது 2000 வாட்தான், அந்தச் சூடும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. ஆனால் சுண்ணாம்புப் போர்வைக்குள் காயில் தாங்க முடியாத அளவு சூடேறி, ஒரு நாள் வெடித்துவிடுகிறது.

இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருக்க, அவர் வட்டத் தகட்டிலிருந்து வேறொன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். துருப்பிடித்த ஒரு கம்பி, சைக்கிள் ஸ்போக் தடிமன். அதில் அங்கங்கே சாம்பல் நிறத்தில் சில துணுக்குகள் ஒட்டியிருந்தன, கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை மாதிரி. பைக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார். பெருவிரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், பளபளக்கும் உலோகத் தண்டு. கையில் வாங்கினால் கனமே இல்லை.

"சார், இது புதுசு. அது நாலு வருஷம் ஆனது. ரெண்டும் ஒண்ணுதான்."

மெக்னீசியம் ராடு. என் வீட்டு ஹீட்டர் செத்த கதை அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. பல ஹீட்டர்களின் டேங்க் இரும்பு. உட்புறத்தில் கண்ணாடித் தூளைப் பூசி, 800 டிகிரிக்கு மேல் சுட்டு ஒரு பூச்சு ஏற்றியிருப்பார்கள். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அந்தப் பூச்சில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக நீர் இரும்பைத் தொட்டுத் துருவாக்கத்தான் பார்க்கும். ஆனால் அதே நீரில் இரும்பைவிடச் சுலபமாக அரிபடும் மெக்னீசியமும் தொங்கினால், அரிப்பெல்லாம் அதன்மேல் போய்விடுகிறது. டேங்குக்குப் பதிலாக அந்தத் தண்டு கரைகிறது. உப்பு மிகுந்த நீரில் இன்னும் வேகமாகக் கரைகிறது. அது முழுதாகக் கரைந்த நாளிலிருந்து, அடுத்த பலி டேங்க்.

இந்தச் சூத்திரத்துக்கு இருநூறு வயது. 1824இல் ஹம்ப்ரி டேவி, ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, துத்தநாகம், இரும்புத் துண்டுகளை அவற்றோடு சேர்த்துப் பொருத்தச் சொன்னார். செம்பு அரிபடுவது நின்றது. செம்பைக் காத்த அதே வழிதான் நம் குளியலறையில் தொங்குகிறது. அப்படி ஒன்று உள்ளே இருப்பது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு ஆறு வருடம் தெரியவில்லை.

மெக்கானிக்கின் அப்பா பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் துருத்தியும் கரி மூட்டையுமாகத் தெருத்தெருவாகப் போவாராம். மரத்தடியில் குழி தோண்டிக் கரி மூட்டி, பித்தளைப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை உரசி, பஞ்சால் ஒரே இழுப்பு. உள்பக்கம் வெள்ளியாகிவிடும். சிறுவனாக இவருக்குத் துருத்தி ஊதுகிற வேலை. நவச்சாரப் புகை கண்ணைக் கரிக்கும் என்றார், இன்றைக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டே. ஈயம் தேய்ந்தால் புளிக்குழம்பில் களிம்பு ஏறிவிடும் என்பது அன்றைய பெண்களுக்குத் தெரியும். பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்து, மஞ்சள் தெரிந்ததும் அவர்களே அப்பாவைத் தேடி வருவார்களாம். எவர்சில்வர் வந்தது, அந்தத் தொழில் போனது.

"எங்கப்பா பூசுன ஈயமும் இந்த மெக்னீசியமும் ஒரே வேலைதான் சார். தேயுறதுக்குன்னே வைக்கிறது. அப்ப பாத்திரத்துக்குள்ள பாத்தாலே தெரியும். இப்ப மூடி வச்சிருக்கானுங்க."

சென்னைக்கு வந்து எலெக்ட்ரிக் கடையில் எடுபிடியாக இருந்து, பிறகு ஏழு வருடம் ஒரு சர்வீஸ் ஏஜென்சியில் ஓடியிருக்கிறார். அந்த ஏழு வருடத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் மாறியது. வீட்டுக்காரர் கொடுக்கும் 600 ரூபாயில் இவர் கைக்கு வருவது 250. பெட்ரோல் இவர் செலவு. மாதத்துக்கு இத்தனை காயில், இத்தனை தெர்மோஸ்டாட் விற்றாக வேண்டும். நன்றாக இருக்கும் காயிலை மாற்ற மனமில்லாமல் சுத்தம் செய்து மட்டும் கொடுத்தால், அடுத்த வாரம் வேலை ஒதுக்கமாட்டார்கள். மெக்னீசியம் ராடைப் பற்றிப் பேச யாரும் சொல்லித் தரவில்லை. சில நூறு ரூபாய்த் தண்டில் யாருக்கு என்ன லாபம்? டேங்க் போனால்தானே புது ஹீட்டர் விற்கும்?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கைவேலை தெரிந்தவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே ஒருவன் வந்து உட்கார்ந்தால் இரண்டு பேரும் நஷ்டப்படுகிறார்கள். வேலைக்காரரின் கூலி பாதிக்கு மேல் போகிறது. தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுத்த வீட்டுக்காரர், "மெக்கானிக்னாலே ஏமாத்துவான்" என்று முடிவுகட்டி, தேவையான பராமரிப்பையும் செய்யாமல் விடுகிறார். திருடியவன் கண்ணில் படுவதில்லை. வியர்வையோடு பக்கெட் பிடிக்கிறவன் மேல்தான் சந்தேகம் விழுகிறது. ஆண்டு ஒப்பந்தம் விற்கப் போன் போடுகிறவர்கள், கழற்றிய ராடைக் கையில் கொடுத்துக் காட்டுவார்களா? என் வீட்டுக்கு வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

இரண்டாம் நாள் பெரும்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றில் பார்த்தது என்னை நடுங்க வைத்தது. பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று யாரோ அதன் வாயை எம்சீல் வைத்து அடைத்திருந்தார்கள். 15 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது 200 மில்லி அளவுக்கு விரிகிறது. பின்னால் திரும்பிப் போக வழியில்லாதபோது அந்த மிகுதி வால்வு வழியாகச் சொட்டத்தான் வேண்டும். அதை அடைத்து, தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்அவுட்டும் சேர்ந்து பழுதானால், சுவரில் தொங்குவது ஹீட்டர் அல்ல, குண்டு. அவர் ஒன்றும் திட்டவில்லை. வால்வை மாற்றி, கீழே ஒரு சின்னக் குழாயைச் செருகி, வடிகாலுக்கு வழிவிட்டு, அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்: "இது சொட்டுனா நல்லதும்மா. அடைக்காதீங்க."

அதே வீட்டில் ஹீட்டரின் பிளக் 6 ஆம்பியர் சாக்கெட்டில், ஒரு அடாப்டர் வழியாகச் செருகப்பட்டிருந்தது. 2000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குப் பக்கம். சாக்கெட் உருகிக் கறுத்திருந்தது. 16 ஆம்பியர் சாக்கெட்டும் எர்த்தும் இல்லாமல் ஹீட்டரைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அன்று அங்கே கூலி வாங்கவில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்க வேண்டும் என்று கேட்டேன். போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் வருடம் ஒருமுறை, மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றார். சுண்ணாம்பை மரக்கட்டையால் சுரண்டி, மிச்சத்தை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைக்கிறார். கக்கூஸ் ஆசிட் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது டேங்கையே தின்றுவிடும். கேஸ்கெட்டைத் தவறாமல் மாற்றுகிறார். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுகிறார். காலி டேங்கில் போட்டால் புதுக் காயிலும் நிமிடங்களில் கருகிவிடும். பாட்டியம்மா வீட்டில் எல்லாம் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. காயில் பழையதே. சொல்லி வைத்தாற்போல் விளக்கு பத்தொன்பதாவது நிமிடம் அணைந்தது.

வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மார்கழி வரை காத்திருக்காமல் கார்த்திகையிலேயே உங்கள் ஹீட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவிலேயே கடை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். கழற்றிய மெக்னீசியம் ராடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். என் வீட்டுப் புது ஹீட்டரின் அடியில், ராடு பார்த்த தேதியை அவர் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே அடுத்த தேதிக்கு இடம் விட்டிருக்கிறார்.